வெள்ளை ஓவியமும் உடைந்த பற்களும்: யாஸ்மினா ரெஸாவைப் பற்றிய விவாத இழை

மேடைவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இங்கே பிரெஞ்சு இலக்கியம் என்று யாராவது பேச்செடுத்தால் அது காம்யுவில் தொடங்கி சார்த்ரில் முடிந்துவிடுகிறது. இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி ஓர் இழையாவது இருக்கட்டும் என்று இதைத் தொடங்குகிறேன். நான் பேச விரும்புவது பிரெஞ்சு நாடகாசிரியரும் நாவலாசிரியருமான யாஸ்மினா ரெஸாவைப் பற்றி.

அவர் 1959 மே 1 அன்று பாரிசில் பிறந்தவர். தாய் புடாபெஸ்டிலிருந்து வந்த யூத வயலின் கலைஞர். தந்தை மாஸ்கோவில் பிறந்த, பாரசீக வேருடைய யூதர். நாந்தேர் பல்கலைக்கழகத்தில் படித்து, ழாக் லெகோக்கின் நாடகப் பள்ளியில் பயிற்சி பெற்று, முதலில் நடிகையாகவே மேடையேறினார். 1987இல் அவருடைய முதல் நாடகமான 'அடக்கத்துக்குப் பின் உரையாடல்கள்' அரங்கேறியபோதே, பிரெஞ்சு நாடக உலகின் பெரிய விருதான மொலியேர் அவருக்குக் கிடைத்தது. அதன் பின் 1994இல் 'கலை' வந்தது. தலைப்பைச் சுற்றியுள்ள மேற்கோள் குறிகளும் தலைப்பின் பகுதியே என்பதால் அவற்றை நீக்கிவிட வேண்டாம்.

கதை மிகச் சிறியது. தோல்நோய் மருத்துவரான செர்ழ் இரண்டு லட்சம் பிராங்க் கொடுத்து ஓர் ஓவியம் வாங்குகிறார். அது வெள்ளைத் துணியில் வெள்ளைக் கோடுகள் வரைந்த ஓவியம். அவருடைய பதினைந்தாண்டு நண்பரான மார்க் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறார். இவர்கள் இருவருக்கும் நடுவில் இவான் என்ற மூன்றாம் நண்பர் அகப்பட்டுக்கொள்கிறார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேர நாடகத்தில் நடப்பது இவ்வளவுதான். இது முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்றிருக்கிறது.

இந்த நாடகத்துக்கு லண்டனில் சிறந்த நகைச்சுவைக்கான விருது கிடைத்தபோது, தான் எழுதியது துன்பியல் நாடகம் என்றே நினைத்திருந்ததாக ரெஸா சொன்னார். பலரும் அதை ஒரு குறும்பான நன்றியுரையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அது விளையாட்டுப் பேச்சாகப் படவில்லை. அவர் எழுதுவது நகைச்சுவையா, துன்பியலா? நாடகாசிரியர் என்ற பெயருக்கு அடியில் மறைந்துவிட்ட அவருடைய நாவல்களை வைத்துப் பார்த்தால் விடை மாறுமா? படித்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடகரையான்

மேடைவாசி ஐயா, நல்ல தொடக்கம். ஆனால் நான் எதிர்த்தரப்பில்தான் உட்காருவேன்.

ரெஸாவின் உலகில் வருமானத்தைப் பற்றிய கவலை உள்ளவர் எத்தனை பேர்? தோல்நோய் மருத்துவர், விமானப் பொறியாளர், மருந்து நிறுவன வழக்கறிஞர், சொத்து ஆலோசகர் என்று எல்லோரும் சோபாவில் அமர்ந்து வார்த்தைகளால் குத்திக்கொள்கிறார்கள். வசதியான மனிதர்களின் வரவேற்பறைச் சண்டைகளை வசதியான மனிதர்கள் சீட்டு வாங்கிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களே இதற்கு 'பூல்வார் நாடகம்' என்று பழைய பெயர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பாரிசின் பெருஞ்சாலைகளை ஒட்டிய தனியார் அரங்குகளில் கணவன், மனைவி, கள்ளக்காதல், கதவுக்குப் பின் ஒளிதல் என்று ஓடிய நாடக வகை அது. கதவுக்குப் பதிலாக ரெஸா ஓவியத்தை வைத்தார் என்பதுதான் என் எண்ணம். துன்பியல் என்ற சொல்லை இவ்வளவு மலிவாக்க வேண்டாம்.

---

செந்தாழை

வடகரையான் சொன்ன 'பூல்வார்' குற்றச்சாட்டு புதியதன்று. பாரிசில் பல ஆண்டுகள் வாழ்ந்தவள் என்பதால் அங்குள்ள நிலைமையைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

பிரான்சில் நாடக அரங்குகள் இரண்டு முகாம்களாகப் பிரிந்து நிற்கின்றன. அரசு மானியம் பெறும் பொது அரங்குகள் ஒரு பக்கம், சீட்டு விற்பனையை நம்பி வாழும் தனியார் அரங்குகள் மறுபக்கம். முதல் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கௌரவமும் இரண்டாம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூட்டமும் கிடைப்பதாக ஒரு பேசாத ஒப்பந்தம் உண்டு. 'கலை' அரங்கேறியது சாம்ஸ் எலிசே நகைச்சுவை அரங்கில். நடித்தவர்கள் பியேர் வானெக், ஃபப்ரீஸ் லுஷினி, பியேர் அர்திதி ஆகிய மூவர். இயக்கியவர் பத்ரீஸ் கெர்ப்ரா. அரங்கும் தனியார், நடிகர்களும் புகழ்பெற்றவர்கள் என்றானபின், ஒரு தரப்பு விமரிசகர்களுக்கு நாடகத்தைப் பார்க்காமலே தீர்ப்பு எழுத வசதியாகிவிட்டது.

இதற்கு மறுமொழி போல அவர் தம் நாடகங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஜெர்மன் மொழி மேடைகளுக்குக் கொடுத்தார். 2000இல் 'வாழ்க்கையின் மூன்று வடிவங்கள்' லுக் போந்தியின் இயக்கத்தில் வியன்னாவின் புர்க் அரங்கில் வந்தது. 2006இல் 'சங்காரக் கடவுள்' யூர்கன் கோஷின் இயக்கத்தில் சூரிக் நகரில் அரங்கேறியது. 'பெல்லா ஃபிகுரா' 2015இல் பெர்லினின் ஷௌபூனே அரங்குக்காக எழுதப்பட்டது. இயக்கியவர் தோமாஸ் ஒஸ்டர்மையர். பிரெஞ்சில் எழுதுபவருடைய நாடகம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் முதலில் மேடையேறுகிறது என்றால், அங்கே அவரை யாரும் பூல்வார் என்று ஒதுக்கவில்லை என்பதே பொருள். கோஷும் ஒஸ்டர்மையரும் சிரிப்பு வியாபாரிகள் அல்லர்.

பிற்பாடு பாரிசின் பொது அரங்கும் கதவைத் திறந்தது. 'ஆன்-மரி அழகி' என்ற தனிநபர் நாடகம் 2020 மார்ச்சில் லா கொலீன் தேசிய அரங்கில் வந்தது. வயதான துணைநடிகை ஒருத்தியின் பாத்திரத்தை ஆந்த்ரே மார்கோன் என்ற ஆண் நடிகர் ஏற்றார். பெருந்தொற்று வந்து அரங்குகளை மூடிய அதே மாதம் என்பது அந்த நாடகத்தின் கெட்ட நேரம்.

---

மேடைவாசி

செந்தாழை அம்மா, இந்தப் பின்னணி எனக்குப் புதிது, மிக்க நன்றி.

வடகரையானுக்கு ஒரு காட்சியை மட்டும் நினைவூட்டுகிறேன். 'கலை' நாடகத்தை எங்கள் கல்லூரி நாடகக் குழுவில் ஆங்கில வழியாக ஒருமுறை ஒத்திகை பார்த்தோம்; மேடையேறவில்லை. எனக்கு இவான் பாத்திரம் கிடைத்தது. நண்பர்கள் இருவரும் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருக்கும்போது இவான் மூச்சிரைக்கத் தாமதமாக வந்து, ஒரே மூச்சில் பல நிமிடங்களுக்கு நீளும் ஒரு புலம்பலைக் கொட்டுகிறான். அவனுக்குத் திருமணம் வைத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் யார் யார் பெயர் போட வேண்டும் என்பதில் தகராறு. மணப்பெண் தன் சிற்றன்னையின் பெயர் இருக்க வேண்டும் என்கிறாள். இவானுக்குத் தன் சிற்றன்னையைப் பிடிக்காது, ஆனால் ஒரு தரப்பில் போட்டால் மறுதரப்பிலும் போட்டாக வேண்டும். அவனுடைய தாயோ, தன் பெயருக்கு அருகில் அந்தப் பெண்மணியின் பெயர் வரவே கூடாது என்று தொலைபேசியில் சபிக்கிறார்.

ஒத்திகையில் இதைப் படித்தபோது எங்கள் குழுவில் ஒருவர் விடாமல், தத்தம் வீட்டு அழைப்பிதழ்ச் சண்டைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அன்றைய ஒத்திகை அத்தோடு முடிந்தது. இதை வரவேற்பறை வேடிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் புலம்பல் முடிந்ததும் நண்பர்கள் இருவரும் அவனுக்கு ஆறுதல் சொல்வதில்லை; கல்யாணத்தை நிறுத்திவிடு என்கிறார்கள். சிரித்து முடித்த அவை அந்த இடத்தில்தான் இவானின் தனிமையைக் கவனிக்கிறது.

---

நூலகப்பூனை

நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாவல்களுக்கு வருகிறேன்.

ரெஸாவின் உரைநடை 1997இல் 'ஹாமர்கிளாவியர்' என்ற சிறு நூலோடு தொடங்குகிறது. பேத்தோவனின் பியானோ சொனாட்டா ஒன்றின் பெயர் அது. தந்தை, மரணம், நேரம் கடந்துபோதல் ஆகியவற்றைப் பற்றிய சின்னச் சின்ன எழுத்துகள் அதில் உள்ளன. 1999இல் 'ஒரு பாழ்நிலை' என்ற முதல் நாவல் வந்தது. மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று சொல்லும் மகனை மன்னிக்க முடியாத கிழத்தந்தை ஒருவரின் ஓயாத தனிப்பேச்சு அது. நாடகத்தில் இவான் பேசிய புலம்பலை ஒரு நூல் முழுதும் நீட்டியது போலத் தோன்றும். இந்தக் கட்டத்தில் அவரை, நாவல் எழுதும் நாடகாசிரியர் என்று சொல்வது சரிதான்.

2013இல் வந்த 'மகிழ்ந்தோர் மகிழ்ந்தோரே' நூலில் நிலைமை மாறுகிறது. தலைப்பு அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹேயின் வரி ஒன்றிலிருந்து வருகிறது. பதினெட்டுப் பேர் தத்தம் குரலில் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஓர் அத்தியாயத்தில் ஓரமாக வந்துபோனவர் இன்னொன்றில் நடுவில் நிற்கிறார். முதல் அத்தியாயம் பேரங்காடி ஒன்றில் கணவனும் மனைவியும் வாங்க வேண்டிய பாலாடைக்கட்டி எது என்பதில் போடும் சண்டை. வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம், கார் சாவி யாரிடம் இருக்கிறது என்ற வன்மம், எதையும் விட்டுக்கொடுக்க முடியாத பிடிவாதம் எல்லாம் சில பக்கங்களுக்குள் வந்துவிடுகின்றன. அந்த நூலுக்கு 'லெ மோந்த்' நாளிதழின் இலக்கிய விருது கிடைத்தது.

2016இல் 'பாபிலோன்' வந்தது; பிரான்சின் இலக்கிய விருதான ரெனோதோவைப் பெற்றது. அறுபதைக் கடந்த எலிசபெத் தன் குடியிருப்பில் ஒரு வசந்தகால விருந்து வைக்கிறாள். மேல்மாடி அண்டைவீட்டுக்காரர் ஜான்-லினோவும் அவர் மனைவி லிதியும் வருகிறார்கள். உணவகத்தில் கோழிக்கறி வாங்கும்போது அந்தக் கோழி எப்படி வளர்க்கப்பட்டது என்று லிதி விசாரிக்கும் வழக்கத்தைக் கணவர் விருந்தினர் முன்னிலையில் கேலியாக நடித்துக் காட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றிரவு வீடு திரும்பியபின் மூண்ட சண்டையில் அவர் மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறார். பின்பு எலிசபெத்தின் கதவைத் தட்டுகிறார். இருவரும் உடலைப் பெட்டி ஒன்றில் அடைத்துக் கீழே இறக்கப் பார்க்கிறார்கள்.

மேடைவாசி கேட்ட கேள்விக்கு என் விடை இந்த நூலில் இருக்கிறது. நாடகத்தில் சிரிப்பு முடிந்ததும் திரை விழுந்துவிடும். நாவலில் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், அங்கே என்ன நடந்தது என்பதையும் ரெஸா எழுதிவிடுகிறார்.

---

வடகரையான்

நூலகப்பூனையின் கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். 'பாபிலோன்' நான் படிக்காதது, பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் என் குறை வேறு திசையில் இன்னும் நிற்கிறது. இவ்வளவு கூர்மையான கண்ணுடையவர் 2006இல் என்ன செய்தார்? குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நின்ற நிக்கோலா சர்க்கோசியின் பின்னால் ஏறத்தாழ ஓராண்டு சுற்றினார். விமானம், கூட்டம், அறைக்குள் ஆலோசனை என்று எல்லா இடத்துக்கும் அவருக்கு அனுமதி கிடைத்தது. 2007 மே மாதம் சர்க்கோசி வென்றார். ஆகஸ்டில் 'விடியல் மாலை அல்லது இரவு' என்ற நூல் கடைக்கு வந்து அமோகமாக விற்றது. அதிகாரத்தின் அருகில் அமர்ந்து எழுதிய நூலில் கொள்கையைப் பற்றி என்ன இருக்கிறது? குடியேறிகளைப் பற்றி அந்த மனிதர் பேசிய பேச்சுகளைக் கேட்டுக்கொண்டே அருகில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர், அவருடைய கால் ஆடுவதையும் அவர் சாக்லேட் தின்பதையும் குறித்து வைத்தால் போதுமா?

---

செந்தாழை

அந்த நூல் வந்தபோது பாரிசில் நடந்த வாதமும் கிட்டத்தட்ட இதே வாதம்தான். வலதுசாரித் தலைவருக்கு இலக்கிய அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தார் என்று ஒரு தரப்பும், அவரைப் பொறுமையற்ற சிறுபிள்ளையாகக் காட்டிவிட்டார் என்று மறு தரப்பும் பேசின. தன்னை இடித்துத் தள்ளி எழுதினாலும் அது தன்னை உயர்த்தத்தான் செய்யும் என்ற பொருளில் சர்க்கோசியே அவரிடம் முன்கூட்டிச் சொன்னதை ரெஸா நூலிலேயே பதிந்திருக்கிறார். அரசியல்வாதி எழுத்தாளரை எடைபோட்ட விதம் அது.

என் கருத்து இது: அவர் கொள்கையைத் தேடிப் போகவில்லை. ஓரிடத்தில் நிலைத்து உட்கார முடியாத ஒரு மனிதனைத் தேடிப் போனார். நூலின் தலைப்பிலேயே நேரம்தானே இருக்கிறது. ஆயினும் வடகரையானின் மனக்குறையை நான் தள்ளிவிட மாட்டேன். நாடகப் பாத்திரத்துக்கு வெளியே வாக்காளர் இல்லை, உண்மையான வேட்பாளருக்கு உண்டு. அந்த வேறுபாட்டை நூல் கண்டுகொள்ளாமல் போகிறது. அவர் எழுதியவற்றுள் எனக்குப் பாதி மனத்தோடு மட்டும் பிடித்த நூல் அதுதான்.

---

இருமொழியான்

தாமதமாக வருகிறேன், பொறுத்தருள்க. 'சங்காரக் கடவுள்' நாடகத்தின் முதல் காட்சியை எனக்காகத் தமிழில் பெயர்த்துப் பார்த்து, பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏன் நின்றது என்பதைச் சொன்னால் இந்த விவாதத்துக்கு உதவலாம்.

பூங்காவில் பதினொரு வயதுச் சிறுவன் ஃபெர்தினான் தடியால் அடித்து, புரூனோ என்ற சிறுவனின் முன்பற்கள் இரண்டு உடைந்துவிட்டன. இரண்டு பெற்றோரும் நாகரிகமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியிருக்கிறார்கள். மேசையில் துலிப் மலர்களும் ஓவிய நூல்களும் இருக்கின்றன. நடந்ததைப் பற்றி ஓர் அறிக்கை எழுதுகிறார்கள். அடிபட்ட பையனின் தாய் வெரோனிக் அதைப் படிக்கிறார். அதில் ஃபெர்தினான் 'தடியால் ஆயுதம் தரித்து' என்று ஒரு சொல் வருகிறது. ஃபெர்தினானின் தந்தையும் வழக்கறிஞருமான ஆலன் அங்கேயே தடுக்கிறார். ஆயுதம் தரித்து என்பது மிகையல்லவா என்கிறார். சரி, 'தடி வைத்திருந்து' என்று மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் உடன்படுகிறார்கள். பிரெஞ்சில் 'ஆர்மே' என்பதை எடுத்துவிட்டு 'முனி' என்ற சொல்லை வைக்கிறார்கள். நாடகம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அடுத்த ஒன்றரை மணி நேரச் சண்டைக்கான விதை போட்டாகிவிட்டது. அந்தச் சொல்லை விட்டுக்கொடுத்தவருக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் முதலில் 'தடியேந்தி' என்று எழுதினேன். அது போர்க்களத்துக்கும் பக்திப் பாடலுக்கும் பொருந்தும். பூங்காவில் அடித்துக்கொண்ட பையனுக்குப் பொருந்தாது. 'தடியும் கையுமாக' என்றால் பேச்சுத் தமிழ் வந்துவிடுகிறது, அறிக்கையின் வக்கீல்தனம் போய்விடுகிறது. காவல் நிலையத் தமிழில் 'பயங்கர ஆயுதத்துடன்' என்று எழுதுவார்கள். வெரோனிக்கின் மனத்தில் இருப்பது அதுதான், ஆனால் அவர் தம்மை அவ்வளவு முரட்டுத்தனமானவராகக் காட்டிக்கொள்ள மாட்டார். கடைசியில் 'தடியை ஆயுதமாகக் கொண்டு' என்பதும், திருத்தத்தில் 'கையில் தடியுடன்' என்பதும் ஓரளவு அமைந்தன.

மரியாதைப் பன்மை நமக்குப் பெரும் உதவி. இரு தம்பதியரும் ஒருவரை ஒருவர் 'வூ' என்றே விளிக்கிறார்கள். தம் துணையிடம் மட்டும் 'த்யு'. ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழில் 'நீங்கள்', 'நீ' என்று அப்படியே நிற்கும். 'நீங்கள்' என்று மரியாதை குறையாமல் ஒருவரை அவமதிக்கும் கலை நமக்கும் நன்றாகத் தெரியுமே.

---

சிற்றெறும்பு

இடையில் ஒரு சிறு கேள்வி. 'சங்காரம்' என்ற சொல் சிவபெருமானை நினைவூட்டாதா? தலைப்பைப் பார்த்ததும் நான் புராண நாடகம் என்று நினைத்துவிட்டேன்.

---

இருமொழியான்

நல்ல கேள்வி. செந்தாழை அவர்கள் மேலே பயன்படுத்தியிருக்கும் தலைப்பே எனக்கும் பிடித்திருக்கிறது, காரணம் நீங்கள் சொன்ன அந்த நினைவூட்டல்தான். நாடகத்தில் ஆலன் தன் நம்பிக்கையை அறிவிக்கும் இடம் ஒன்று உண்டு: காலம் தொடங்கிய நாளிலிருந்து தடையின்றி ஆண்டுவரும் ஒரே கடவுள் இந்தக் கடவுள்தான் என்கிறார். 'படுகொலை' என்றால் செய்தித்தாள் வந்துவிடும். 'வெட்டுக்குத்து' என்றால் கடவுள் ஓடிவிடுவார். ஆனால் நம் சங்காரத்துக்குப் பின் ஒரு படைப்பு உண்டு, ஆலனின் கடவுளுக்கு அது கிடையாது. அந்தக் குறை இருந்தாலும் வேறு சொல் கிடைக்கும்வரை இதை வைத்துக்கொள்கிறேன்.

---

நூலகப்பூனை

இந்த நாடகத்தின் பயணத்தையும் பதிந்துவிடலாம். சூரிக்கில் அரங்கேறியபின் 2008இல் பாரிசின் ஆந்துவான் அரங்கில் ரெஸாவே இயக்கினார். வெரோனிக்காக நடித்தவர் இசபெல் உப்பேர். அதே ஆண்டு லண்டனில் ரால்ஃப் ஃபைன்ஸ் உள்ளிட்டோர் நடித்தார்கள். 2009இல் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனபோது கதை புரூக்ளினுக்கு மாறியது. ஜேம்ஸ் கேண்டோல்ஃபினி, மார்ஷா கே ஹார்டன், ஜெஃப் டேனியல்ஸ், ஹோப் டேவிஸ் நடித்தனர். அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி, சிறந்த நாடகத்துக்காகக் கிடைத்தது. 1998இல் 'கலை' வாங்கிய அதே விருது. இரு மொழிபெயர்ப்புகளும் கிறிஸ்டோஃபர் ஹாம்ப்டன் செய்தவை, லண்டனிலும் நியூயார்க்கிலும் இயக்கியவர் மேத்யூ வார்ச்சஸ். ஒரே மூவர் கூட்டணி பதினோராண்டு இடைவெளியில் இரண்டு முறை வென்றது என்பது அரிது.

2011இல் ரோமன் போலன்ஸ்கி அதைத் திரைப்படமாக்கினார். கதை புரூக்ளினில் நடக்கிறது, படப்பிடிப்போ பாரிசுக்கு அருகே நடந்தது, ஏனெனில் அமெரிக்காவுக்குள் நுழைந்தால் போலன்ஸ்கி ஒரு பழைய வழக்கில் கைதாகக்கூடும். பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. காஃப்காவின் 'உருமாற்றம்' கதையின் மேடை வடிவத்தில் 1988இல் பாரிசில் போலன்ஸ்கி நடித்தபோது, அதைப் பிரெஞ்சாக்கியவர் அப்போது இளம் எழுத்தாளராக இருந்த ரெஸா.

---

வடகரையான்

படத்தை நான் பார்த்திருக்கிறேன். நல்ல நடிகர்கள், ஜோடி ஃபாஸ்டரின் கழுத்து நரம்புகள் இன்னும் நினைவில் உள்ளன. ஆனாலும் சிரிப்பு வரவில்லை. விருந்தோம்பலுக்குக் கொடுத்த பண்டத்தைத் தின்றுவிட்டு, ஆலனின் மனைவி ஆனெட் கிடைத்தற்கரிய ஓவிய நூலின் மேல் வாந்தி எடுக்கும் இடத்தில் படத்தில் எனக்கு அருவருப்பு மட்டுமே எஞ்சியது.

---

செந்தாழை

அது மேடைக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடு என்று நினைக்கிறேன். அரங்கில் அந்த வாந்தி நடக்கும்போது எழுநூறு பேர் ஒன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த கணம் ஒன்றாகச் சிரிக்கிறார்கள். சிரித்ததற்காக வெட்கப்படவும் செய்கிறார்கள். அந்தக் கூட்டு வெட்கம் இல்லையென்றால் ரெஸாவின் நாடகத்தில் பாதி காணாமல் போகும். வாந்திக்குப் பிறகு நடப்பதைக் கவனித்தீர்களா? வெரோனிக் விருந்தினரை மறந்துவிட்டு, இப்போது அச்சில் இல்லாத, ஓவியர் கொகோஷ்காவைப் பற்றிய நூலைப் பஞ்சால் துடைப்பதிலும், வாசனைத் திரவியம் தெளிப்பதிலும், தலைமுடி உலர்த்தும் கருவியால் பக்கங்களைக் காயவைப்பதிலும் மூழ்கிவிடுகிறார். ஆப்பிரிக்காவின் தார்ஃபூர் துயரத்தைப் பற்றி நூல் எழுதும் பெண்மணி அவர். நாற்காலியில் வெளிறிப்போய் அமர்ந்திருக்கும் பெண்ணின் உடல்நிலையைவிட நூலின் நிலை அவரை வதைக்கிறது. இந்த ஒரு செயலை விளக்க யாரும் மேடையில் ஒரு வசனமும் பேசுவதில்லை.

வசதியானவர்களைப் பற்றி எழுதுகிறார் என்று சொன்னீர்களே வடகரையான், உண்மைதான். ஆனால் அவர்களுக்காக எழுதுகிறார் என்று சொல்ல இந்தக் காட்சி இடங்கொடுக்கவில்லை.

---

மேடைவாசி

இருமொழியான் சொன்னதைப் படித்ததும் எனக்குள் ஒன்று தெளிந்தது. ரெஸாவின் பெரும்பாலான படைப்புகளில் பேரழிவு ஒரு சொல்லில் தொடங்குகிறது. 'கலை'யில் மார்க் சொல்லும் அந்தக் கெட்ட வார்த்தை. 'சங்காரக் கடவுள்' நாடகத்தில் 'ஆயுதம்'. 'மகிழ்ந்தோர்' நூலில் ஒரு பாலாடைக்கட்டியின் பெயர். 'பாபிலோன்' நாவலில் கோழியைப் பற்றிய கேலி. சொன்னவருக்கு அது அற்பம், கேட்டவருக்கு அது பதினைந்தாண்டுக் கணக்கு. நகைச்சுவையா துன்பியலா என்பதே யார் காதில் விழுந்தது என்பதைப் பொறுத்தது போலும்.

'கலை' உருவான கதையும் இதையே சொல்கிறது. ரெஸாவின் மருத்துவ நண்பர் ஒருவர் உண்மையிலேயே ஒரு வெள்ளை ஓவியத்தை வாங்கியிருந்தார். விலையைக் கேட்டதும் ரெஸா விழுந்து விழுந்து சிரித்தார், நண்பரும் கூடவே சிரித்தார். நட்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நண்பர் சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது நாடகம். மேடையில் செர்ழ் சிரிப்பதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

---

நூலகப்பூனை

அந்தக் கேள்வியை அவர் மிகத் துணிச்சலாகக் கையாண்ட நூல் 2021இல் வந்த 'செர்ழ்' நாவல். ஓவியம் வாங்கிய செர்ழோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர் மட்டும் ஒன்று. போப்பர் குடும்பத்தைச் சேர்ந்த யூத உடன்பிறப்புகள் மூவர்: செர்ழ், ழான், நானா. தாய் இறந்தபின், செர்ழின் மகளுடைய தூண்டுதலால் நால்வரும் நாஜிகளின் வதைமுகாம் இருந்த ஆஷ்விட்சுக்குப் பயணம் போகிறார்கள். முன்னோர் மாண்ட இடத்தில் நடந்துகொண்டே, வெயிலில் அணிந்த கோட்டைப் பற்றியும், நானாவின் மகனுக்கு வேலை தேடித் தருவதில் நடந்த குளறுபடியைப் பற்றியும் சண்டை போடுகிறார்கள். சுற்றுலாக் கூட்டம் கைபேசியில் படம் எடுக்கிறது.

அங்கே சிரிக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்கலாம். ரெஸா யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது அவருக்குக் கிடைத்த உரிமம் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் கேலி செய்வது இறந்தவர்களை அல்ல, 'நினைவுகூரும் கடமை' என்று பொதுவில் சொல்லப்படும் சொற்றொடரை. அந்தக் கடமையைச் செய்ய வந்தவர்களுக்கு அங்கே என்ன உணர வேண்டும் என்று தெரியவில்லை. தெரியாததை மறைக்க அவர்களுக்குக் கைவசம் இருப்பது குடும்பச் சண்டை ஒன்றே.

கவனித்த இன்னொன்று: அந்நூலில் உரையாடலுக்கு மேற்கோள் குறிகளோ தனி வரிகளோ அதிகம் இல்லை. பேச்சு பத்திக்குள்ளேயே ஓடுகிறது. மேடையில் முப்பதாண்டுகளுக்கு மேல் யார் பேசுகிறார் என்று பெயர் எழுதியவர், நாவலில் அந்தப் பெயர்களை நீக்கிவிட்டும் நமக்குக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்கிறார். எனவே, நாவலும் எழுதும் நாடகாசிரியர் என்ற பட்டத்தை இனி அவரிடமிருந்து எடுத்துவிடலாம் என்பது என் முறையீடு.

---

வடகரையான்

முறையீடு ஏற்கப்பட்டது, நிபந்தனையுடன். 'கலை' மறுபடி மறுபடி மேடையேறுகிறது; 2025இல்கூட பிராட்வேயில் பாபி கனவாலே, ஜேம்ஸ் கோர்டன், நீல் பேட்ரிக் ஹாரிஸ் நடிக்க மீண்டும் வந்தது. புகழ்பெற்ற மூன்று நடிகர்கள், ஒரு சோபா, ஒரு வெள்ளைத் துணி. தயாரிப்பாளருக்கு இதைவிடச் சிக்கனமான நாடகம் கிடைக்காது. அந்தச் சிக்கனத்தையும் அவர் புகழின் காரணங்களில் ஒன்றாகக் கணக்கில் வையுங்கள் என்பதே என் நிபந்தனை.

---

செந்தாழை

மறுக்க மாட்டேன். லண்டனுக்கு அந்த நாடகம் போனதற்கே காரணம், நடிகர் ஷான் கானரியின் மனைவி பாரிசில் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும், கானரி உரிமை வாங்கித் தயாரிப்பில் சேர்ந்ததும்தான். புகழுக்கு நல்ல கால்கள் தேவை. ஆயினும் நடிகர்களை மாற்றி மாற்றி லண்டனில் ஆறாண்டுகளுக்கு மேல் அது ஓடியதற்குச் சிக்கனம் மட்டும் காரணம் என்றால், மூவர் நடிக்கும் எல்லா நாடகமும் ஓடியிருக்க வேண்டும்.

---

இருமொழியான்

இறுதிக் காட்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று சேர்க்கிறேன்.

சண்டை முற்றியபின் செர்ழ் ஒரு மார்க்கர் பேனாவை மார்க்கிடம் நீட்டுகிறார். மார்க் அந்த இரண்டு லட்சம் பிராங்க் வெள்ளைத் துணியின் குறுக்கே ஒரு சரிவுக் கோடு போட்டு, அதில் பனிச்சறுக்குச் செய்யும் குட்டி மனிதன் ஒருவனை வரைகிறார். பின்பு இருவரும் சேர்ந்து அதைக் கழுவித் துடைக்கிறார்கள், மை போய்விடுகிறது. மை அழியும் என்று முன்பே தெரியுமா என்று மார்க் கேட்கும்போது, தெரியாது என்கிறார் செர்ழ். அவருக்குத் தெரியும் என்பதை அவையிடம் மட்டும் தனியே ஒப்புக்கொள்கிறார். நட்பு மீண்டது அந்தப் பொய்யின் மேல்.

மொழிபெயர்க்கும்போது எனக்கு இன்னும் தீராத சிக்கல், தொடக்கத்தில் மார்க் சொல்லும் அந்தச் சொல்தான். 'குப்பை' என்றால் செர்ழுக்கு இவ்வளவு கோபம் வராது. நேர்ப்பொருளான சொல்லை எழுதினால், நம் அரங்கில் அவை சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆகும், செர்ழின் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். தற்போதைக்கு 'கழிசடை' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மேடைவாசி ஐயா, உங்கள் பழைய குழுவில் யாராவது அகப்பட்டால் அந்த ஒரு வரியை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லி, எப்படி ஒலிக்கிறது என்று எழுதுங்கள்.

---

மேடைவாசி

செர்ழாக நடிக்கவிருந்தவன் இன்னும் தொடர்பில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன். முன்னறிவிப்பு இல்லாமல் அவன் வீட்டுச் சுவரில் தொங்கும் ஏதாவது படத்தைக் காட்டிச் சொல்லிப் பார்க்கிறேன்.